இருபத்தெட்டு கிலோ

பக்கிரிசாமி மகன் உத்திராபதி, உத்திராபதி, உத்திராபதி
என்று டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
பெஞ்சிலிருந்து எழுந்து நிற்க
எனக்கு நாலாவது கூப்பாடு தேவைப்பட்டது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
அது எப்போதுதான் திறந்திருக்கிறது.
நின்ற காரின் பின்சீட்டில்
கொழுந்தியாள் வளைகாப்புக்கு வாங்கிய வளையலையெல்லாம்
மடியில் வைத்திருந்தேன்.
பின்னால் வந்த டிப்பருக்கு
கேட்டும் தெரியவில்லை, காரும் தெரியவில்லை.
வளையல் ஒன்றுகூட உடையவில்லை, சத்தியமாக.
உடைந்தது இடுப்புக்கு மேலே இரண்டாவது எலும்பு.

இன்சூரன்ஸ் வக்கீல் நல்ல மனிதர்தான்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
மூட்டை தூக்குகிற ஆள், காரிலா போனீர்கள்?
போனேன் ஐயா.
என்னைத் தூக்கிக்கொண்டு போக
ஒரே ஒருநாள் ஒரு வண்டி வந்தது.

சம்பளச் சீட்டு இருக்கிறதா?
சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் வாங்கும் காசுக்கு
சீட்டு ஏது.
சட்டையை விலக்கித் தோளில் காய்த்திருப்பதைக் காட்டினேன்.
அதற்குச் சான்றாவண எண் போடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் சுமந்த முதுகு,
வலி முன்பே இருந்திருக்குமே?
இருந்தது.
அது என்னோடு வேலைக்கு வந்த வலி,
வாய்க்காலில் முங்கி எழுந்தால் போய்விடும்.
இது வேலைக்கே போகாமல்
வீட்டில் தங்கிவிட்ட வலி.
இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள்
'இருந்தது என்றால் சரிதான்' என்று
டைப் அடித்து முடித்துவிட்டார்கள்.

திருவாரூரில் மூன்று டாக்டர்கள்
குனியச் சொன்னார்கள். படுத்துக் காலைத் தூக்கச் சொன்னார்கள்.
கட்டைவிரலில் குண்டூசியால் குத்தி
தெரிகிறதா என்றார்கள்.
ஊனம் முப்பது சதவீதம் என்று முத்திரை வைத்தார்கள்.
இன்னும் எழுபது இருக்கிறதேப்பா என்றார் குமாஸ்தா,
ஆறுதலாகத்தான் சொன்னார்.
திரும்பி வரும் பஸ்ஸில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
நாற்பது கிலோ சிப்பத்தில் எழுபது சதவீதம்
இருபத்தெட்டு கிலோ.
இருபத்தெட்டு கிலோவில் சிப்பம் பிடிக்கிற
கொள்முதல் நிலையம்
எந்த ஊரில் இருக்கிறது?

எங்கள் கோவில்வெண்ணியில்தான்
முன்னொரு காலத்துச் சண்டையில்
முதுகில் புண்பட்ட ராஜா ஒருவன்
வெட்கம் தாங்காமல் வடக்கே பார்த்து உட்கார்ந்து
சோறு தண்ணி இல்லாமல் செத்தானாம்.
மகள் படித்துவிட்டு வந்து சொன்னாள்.
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்றேன்.
நாள்கணக்கில், அப்பா.
கொடுத்துவைத்த முதுகு.
எனக்கு இருபது நிமிஷம்,
அப்புறம் சுவரைப் பிடிக்க வேண்டும்.

வாய்தா வாய்தாவாக நாலு வருஷம் போய்
தீர்ப்பு தலைப்புத் தலைப்பாக வந்தது.
வலிக்கும் வேதனைக்கும் நாற்பதாயிரம்.
உடனிருந்து கவனித்தவருக்குப் பதினைந்தாயிரம்.
கூடுதல் சத்துணவு, பத்தாயிரம்.
அதைப் படித்தபோது அஞ்சம்மாள் சிரித்துவிட்டாள்:
கஞ்சிக்கு ஒருநாள் கருவாடு சுட்டேனே, அதுவா?
வக்கீல் பங்கு போக, கடன் போக
மிஞ்சியதை பாங்கில் போட்டிருக்கிறோம்.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
கேட்கிறவர்கள் எல்லாம் அப்புறம் கடன் கேட்கிறார்கள்.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு
சொல்லாமல் கொள்ளாமல் மழை இறங்கியது.
ரோட்டோரம் அடுக்கிக் கிடக்கிறது குறுவை நெல்.
தார்ப்பாய், தார்ப்பாய் என்று கத்துகிறார்கள்.
என் கை இருட்டில் தலைத்துண்டைத் தேடிற்று.
தோள் தானாக முன்னே சாய்ந்தது.
அஞ்சம்மாள் ஒன்றும் பேசவில்லை,
பின்னாலிருந்து இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வாசல்படியில் அப்படியே நின்றோம்.
நனைந்த சிப்பம் நாற்பத்திரண்டு கிலோ வரும்.
தூக்குகிற பையனிடம்
யாராவது சொல்லியிருக்க வேண்டும்.